தண்ணி கேக்குற சங்கத்துக்காரங்களே, எங்க ஓய்வையும் சேத்து கேளுங்க

காவிரி டெல்டாவுல இருக்குற எல்லா விவசாய சங்கத்துக்கும், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும், என்ன கொடி என்ன கட்சின்னு பாக்காம எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதுறேன். அண்ணன்மாருங்க, அக்காமாருங்க, வயசுல மூத்த ஐயாமாருங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் மன்னார்குடி பக்கம், பாமணி ஆத்துப் பாசனம். நடவாளு. கூடவே எங்களுக்கு மூணு மா குத்தகை நெலம் இருக்கு, அதாவது ஒரு ஏக்கர். அதனால கூலிக்காரியும் நான்தான் விவசாயியும் நான்தான், ரெண்டு சங்கத்து நோட்டீசும் எங்க வீட்டுக்கு வரும். கலெக்டர் ஆபீஸ்ல மாசாமாசம் நடக்குற குறைதீர் கூட்டத்துல நீங்க பேசுற வீடியோ வாட்ஸப்புல வந்தா விடாம பாத்துடுவேன். தண்ணி கேக்குறீங்க, ஜூன் 12ல மேட்டூர தொறக்கணும்னு கேக்குறீங்க, சுப்ரீம் கோர்ட்டு 2018ல சொன்ன 177.25 டிஎம்சி காவிரித் தண்ணிய கர்நாடகாவ மாசக் கணக்குப்படி விடச் சொல்லுன்னு கேக்குறீங்க, வெலை கேக்குறீங்க, பயிர்க் காப்பீடு கேக்குறீங்க, வெள்ளத்துல முழுகுனா நிவாரணம் கேக்குறீங்க, தூர் வாரச் சொல்லி கேக்குறீங்க. எல்லாம் நியாயம், நானும் பஸ் ஏறி வந்து பின்னாடி வரிசையில உக்காந்து கை தட்டியிருக்கேன்.

ஆனா எங்க ஓய்வ பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டு நான் பாத்ததில்ல. வயக்காட்டுல ஒழைக்கிறவங்க எங்க உக்காருவாங்க, எப்ப முதுக சாய்ப்பாங்க, ராத்திரி தூங்குறாங்களா இல்லையான்னு ஒரு மனுவுல கூட இல்ல. அத கேக்கத்தான் இந்த மடல்.

ஓய்வு கேக்குறான்னதும் வேலைக்கு வணங்காதவன்னு நெனச்சிடாதீங்க. எனக்கு நடவுன்னா உசுரு. இத யாருக்காகவும் சொல்லல, நெஜமாவே எனக்கு அதுல ஒரு சந்தோஷம் இருக்கு, வேற எதுலயும் கெடைக்காத சந்தோஷம். விடியக்காலம் நாத்தங்கால்ல எறங்கி நாத்து பறிச்சு, வேர்ல ஒட்டுன சேத்த தண்ணியில அலசி, முடி முடியா கட்டிப் போட்டா ஆம்பளையாளுவ அத சுமந்துட்டு போயி பரம்படிச்ச வயல்ல அங்கங்க வீசிட்டு போவாங்க. நாங்க வரிசையா எறங்குவோம். மொத குத்து வெக்கிறப்ப வயசான அம்மா ஒருத்தவங்க குலவை போடுவாங்க, அந்த சத்தம் கேட்டா போதும், மேலெல்லாம் சிலுத்துக்கும், எத்தன வருசம் கேட்டாலும் அப்படித்தான். அப்பறம் குனிஞ்சா பின்னாடியே போவணும். எடது கையில முடி, வலது கை கட்டவெரலு நாத்த பிரிச்சு பிரிச்சு சேத்துல குத்திக்கிட்டே இருக்கும், குத்துக்கு ரெண்டு இல்ல மூணு, ரொம்ப ஆழமா போனா தூர் கட்டாது, மேலாப்புல வெச்சா தண்ணி பாஞ்சதும் மெதந்துடும், இதெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்கறது இல்ல, வெரலுக்கே தெரியும்.

நடவுல எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா பின்னாடி நடக்கறதுதான். பின்னாடியே போறதால இன்னும் எவ்வளவு பாக்கி கெடக்குன்னு கண்ணுக்கு தெரியாது, நட்டதுதான் தெரியும். நிமிந்தா எதுத்தாப்புல பச்ச பச்சயா வரிசை, காலையில வெறும் சேறா கெடந்த எடம். அத பாக்குறப்ப வர்ற நெறைவு இருக்கே, கூலிய வாங்கி முந்தானையில முடியறப்ப கூட அது வராது. பக்கத்துல நிக்கிற பொம்பளைக்கு கை வேகம்னா நமக்கும் வேகம் வரும், ஒருத்தி பேச்ச எடுப்பா, ஒருத்தி பாட்ட எடுப்பா, இடுப்பு வலிய மறக்க பாட்டு பாடுறோம்னு வெளியில சொல்றாங்க, பாதி உண்மைதான், மீதி என்னன்னா வேலை நல்லா ஓடுறப்ப தானா வாயில வந்துடும்.

மத்தியானம் வரப்பேறி வாய்க்கால்ல கை கால கழுவிட்டு தூக்குவாளிய தொறந்தா, பழைய சோறு, ராத்திரி வெச்ச கருவாட்டுக் கொழம்பு, இல்லேன்னா ஒரு துண்டு நார்த்தங்கா. அவ்வளவுதான் இருக்கும். அந்த ருசி கல்யாண வீட்டு எலையில இல்லீங்க. பசிச்சு சாப்புடறவங்களுக்குத்தான் அது தெரியும். சாப்புட்டு வெத்தலைய மடிச்சு போட்டுக்கிட்டு செத்த நேரம் வரப்புலயே துண்ட விரிச்சு சாஞ்சோம்னா இடுப்புல ஒரு சூடு மெதுவா எறங்கும், அது வலி எறங்குற சூடு. சாயங்காலம் பம்புசெட்டு தண்ணியில தலைய குடுத்து நின்னு குளிச்சு, வீட்டுக்கு வந்து ஒல வெச்சு, ராத்திரி கால் வெரல் இடுக்குல சேத்துப்புண்ணுக்கு மருதாணிய அரைச்சு வெச்சு கட்டிக்கிட்டு படுத்தா, பாய விரிச்சது நெனவு இருக்கும், தலை சாஞ்சது நெனவு இருக்காது. அப்படி ஒரு தூக்கம். மாத்திரை இல்ல, ஃபேன் ஓடலேன்னாலும் பரவால்ல. அந்தத் தூக்கம் நாங்க சம்பாரிச்சது, கூலி மாதிரியே அதுவும் எங்க சம்பாத்தியம்தான்னு நான் சொல்றேன், அத நீங்க ஒத்துக்கிட்டா மத்ததெல்லாம் பேசிடலாம்.

கையறுப்பு இருந்த காலத்துலயும் இப்படித்தான். அரிவாள எடுத்து அறுத்து, அரி அரியா போட்டு, கட்டு கட்டி தலையில சுமந்து களத்துக்கு போயி, அடிச்சு, தூத்தி, கண்டுமுதல் எவ்வளவுன்னு மரக்கால்ல அளக்குறப்ப எல்லாரும் சுத்தி நின்னு பாப்போம். அது நம்ம நெல்லா அடுத்தவங்க நெல்லான்னு கூட தோணாது, நல்ல வெளச்சல்னா கூலிக்காரங்க மொகத்துலயும் சிரிப்பு இருக்கும். அன்னைக்கு ராத்திரி களத்துலயே வைக்கோல விரிச்சு படுத்துப்போம்.

இந்த ஓய்வு எங்களுக்கு சும்மா வந்தது இல்ல. அத வாங்கிக் குடுத்ததே சங்கம்தான், அதனாலதான் உங்ககிட்ட உரிமையா பேசுறேன். எங்க பாட்டி பண்ணையாளா, அதாவது மிராசுதார் பண்ணையில அடிமை மாதிரி இருந்தவங்க. வெள்ளி மொளைக்கறப்ப வயலுக்கு போனா கண்ணு இருட்டுற வரைக்கும் அங்கதான், புள்ளைய மரத்துல தூளி கட்டி போட்டுட்டு வேலை செய்யணும், அது அழுதா எந்திரிச்சு போயி பால் குடுக்கக் கூட கங்காணிய பாக்கணும்னு சொல்லுவாங்க. ஒடம்புக்கு முடியலன்னு படுத்தா வீட்டு வாசல்ல ஆள் வந்து நிக்கும். சவுக்கடி, சாணிய கரைச்சு வாயில ஊத்துற சாணிப்பால், எல்லாம் இந்த மண்ணுலதான் நடந்துச்சு. எங்க ஊர்லேந்து கூப்புடுற தூரத்துல இருக்குற தென்பரையில 1943ல சங்கம் ஆரம்பிச்சாங்க. கன்னடம் பேசுற சீனிவாசராவ் இங்க வந்து தமிழ் கத்துக்கிட்டு குடிசை குடிசையா படுத்து எழுந்து சங்கம் கட்டுனாரு, 1961ல சாகுற வரைக்கும் அந்த வேலையத்தான் பாத்தாரு. 1944ல மன்னார்குடியில ஒப்பந்தம் போட்டு சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாதுன்னாங்க. 1952ல தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 1968 டிசம்பர் 25ல கீழ்வெண்மணியில கூலி ஒசத்தி கேட்ட சனங்கள்ல 44 பேர குடிசையில வெச்சு கொளுத்துனாங்க. அதுல பொம்பளையும் புள்ளைங்களும்தான் அதிகம்.

இத எல்லாம் எதுக்கு சொல்றேன்னா, அவங்க கேட்டது காசு மட்டும் இல்ல. பொழுது சாஞ்சா என் ஒடம்பு என்னோடதுன்னு கேட்டாங்க. மணி நேரம் கேட்டாங்க, சோறு திங்க நேரம் கேட்டாங்க, புள்ளைக்கு பால் குடுக்க நேரம் கேட்டாங்க. இன்னைக்கு கூலி பேசுறப்ப ரூவா மட்டும்தான் பேசுறோம், நேரத்த பேசறது எப்படியோ நின்னு போச்சு.

இப்ப வேலை கம்மியா ஆயிடுச்சே, மெஷின் வந்துடுச்சே, ஓய்வு தானா கெடைக்குமேன்னு கேப்பீங்க. அங்கதான் விஷயம் இருக்கு. பெல்ட் மெஷின் வந்து எங்க ஒரு ஏக்கர சாப்பாட்டு நேரத்துக்குள்ள அறுத்து குடுத்துட்டு போயிடுது. சந்தோஷம்தான், மழைக்கு முன்னாடி அறுத்தாகணும்னா அது இல்லாம முடியாது, மெஷினே வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அறுத்த நெல்ல டிராக்டர்ல ஏத்தி கொள்முதல் நிலையத்துக்கு கொண்டு போனா அங்க ஆரம்பிக்குது. நமக்கு முன்னாடி குமி குமியா நெல்லு கெடக்கும். சாக்கு வரல, லாரி வரல, எடுத்த மூட்டையே நகரல, எடம் இல்ல. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க, அதனால பகல்ல கொட்டி கால்ல கிண்டி காய வெக்கணும், சாயங்காலம் குமிச்சு தார்ப்பாய போட்டு மூடணும், தை மாச பனியில மறுபடி ஈரம் ஏறும், மறுநாள் மறுபடி கிண்டணும். ராத்திரி யாராவது காவலுக்கு படுக்கணும், மாடு மேயும், பன்னி வரும், மழை வந்தா எந்திரிச்சு தார்ப்பாய இழுத்து புடிக்கணும். எங்க வீட்டுக்காரரு அங்க நெல்லு குமி மேல சாஞ்சு உக்காந்தே ராத்திரிய கழிச்சிருக்காரு, நான் சோறு எடுத்துட்டு போயி குடுத்துட்டு அவர செத்த கண்ணசர சொல்லிட்டு நான் உக்காந்திருப்பேன், கொசு, பனி, பக்கத்துல லைட்டு கெடையாது, ஒதுங்க எடம் கெடையாது.

அதுவும் களைப்புதான். ஆனா அது வேற களைப்பு. ஒழைச்சு வர்ற களைப்புக்கு அடியில ஒரு நிம்மதி இருக்கும், படுத்தா தூக்கம் வரும். காத்திருந்து வர்ற களைப்புல தூக்கமே வராது, கண்ணு மூடுனாலும் காது தொறந்தே இருக்கும், ஒடம்பு மரத்துப் போயி வீட்டுக்கு வந்தா சும்மா இருக்குற புள்ளைங்க மேல எரிஞ்சு விழுவோம். நாலஞ்சு மாசம் பாடுபட்டு வெளைய வெச்ச நெல்லுக்கு கடைசியில கெடைக்க வேண்டியது ஒரு நல்ல தூக்கம், அந்த எடத்துல வந்து நின்னுக்கிட்டு அதப் புடுங்கிக்கிறாங்க. வேலை செய்ய நாங்க அஞ்சுனதே இல்ல. இந்த மாதிரி காக்க வெக்கிறத மட்டும் எங்களால தாங்க முடியல. நீங்க கொள்முதல் பத்தி பேசுறப்ப வெலை, ஈரப்பதம், மூட்டைக்கு இவ்வளவு குடுன்னு அங்க மாமூல் கேக்குறது, இதெல்லாம் பேசுறீங்க, சரி. அங்க எத்தன ராத்திரி ஒரு குடும்பம் தூங்காம கெடக்குன்னு பேசுங்க. அதுவும் நஷ்டம்தானே, அதுக்கு யாரு கணக்கு எழுதுறா.

அங்கயே மூட்ட தூக்குற சுமைத் தொழிலாளிங்களும் இருக்காங்க, அவங்களையும் மறக்க வேணாம். நாப்பது கிலோ சிப்பத்த முதுகுல தூக்கி லாரியில ஏத்துறவங்க, லாரி எப்ப வரும்னே தெரியாது, பகல் பூரா சும்மா உக்கார வெச்சுட்டு ராத்திரி லாரி வந்தா ராத்திரிதான் வேலை.

பொம்பளையாளுவ சங்கதி ஒண்ண சொல்லணும், ஆம்பளைங்க கூச்சப்படாம படிங்க. நடவுக்கு போற நாங்க பல பேரு காலையிலேந்து தண்ணியே குடிக்க மாட்டோம். தாகம் இல்லாம இல்ல. குடிச்சா ஒதுங்கணும், ஒதுங்க மறைவு இல்ல. முன்னாடி வரப்போரத்துல பூவரசு, புங்கன், நொச்சி, ஒதியமரம்னு ஏதோ ஒண்ணு இருக்கும், வாய்க்கா கரையில தாழம்புதர் இருக்கும், இப்ப டிராக்டருக்கும் மெஷினுக்கும் வழி விடணும்னு கரையெல்லாம் மொட்டையாச்சு, மீதி நின்ன மரத்துல பாதி 2018 நவம்பர்ல கஜா புயல்ல போச்சு. தண்ணி குடிக்காம வெயில்ல குனிஞ்சு நின்னா என்ன ஆகும், ஒண்ணுக்கு போற எடத்துல எரிச்சல், காய்ச்சல், தலசுத்தல். எத்தன பேரு அத வெளிய சொல்லாம வெச்சுக்கிட்டு மறுநாள் அதே வயல்ல எறங்குறாங்க தெரியுமா.

கடையில நின்னுக்கிட்டே வேலை செய்யிறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு நம்ம தமிழ்நாட்டுல 2021ல சட்டசபையில சட்டத் திருத்தம் கொண்டு வந்தாங்க. மனசு குளுந்துச்சு, ஏன்னா எங்க அக்கா மக கும்பகோணத்துல ஜவுளிக்கடையில நின்னு நின்னு கால் வீங்கிப் போயி வருவா. நூறு நாள் வேலைக்குன்னு 2005ல வந்த சட்டத்துலயே வேலை நடக்குற எடத்துல குடிதண்ணி, நெழலு, முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்கணும்னு எழுதியிருந்தாங்க, நெசத்துல எத்தன எடத்துல நெழலு போட்டாங்கன்றது வேற பேச்சு, ஆனா எழுதவாவது எழுதுனாங்க. 2023 ஏப்ரல்ல ஃபேக்டரியில பன்னெண்டு மணி நேர வேலைக்கு வழி விடுற மசோதா நிறைவேறுனப்ப தொழிற்சங்கமெல்லாம் ஒண்ணா எந்திரிச்சு நின்னுச்சு, மே 1 அன்னைக்கு வாபஸ் வாங்குனாங்க. ஆக கேட்டா கெடைக்குது. எதுத்து நின்னா நிக்குது. இந்தியாவுலயே மொத மே தினம் 1923ல மெட்ராஸ் பீச்சுல சிங்காரவேலர் கொண்டாடுனது, அப்ப பேசுன எட்டு மணி நேரம் நூறு வருசம் தாண்டியும் எங்க வரப்புக்கு வந்து சேரல. ஒவ்வொரு மே தினத்துக்கும் எங்க ஊர்லயும் கொடி ஏத்துறீங்க, முட்டாய் குடுக்குறீங்க, அந்த அன்னைக்கு எங்க பேச்ச எடுங்க.

நெலத்துக்கு இருக்குற ஓய்வ பாருங்க. நம்ம பெரியவங்க அத எவ்வளவு மதிச்சிருக்காங்க. ஜனவரி 28ல மேட்டூர் மூடுனதும் ஆறு வாய்க்கா எல்லாம் மெல்ல மெல்ல அடங்கும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே நிக்கிற பயிருக்குள்ள உளுந்த தெளிச்சு விட்டுடுவோம், அது இருக்குற ஈரத்துலயும் பனியிலயும் தானா வரும், உரம் கேக்காது, தண்ணி கேக்காது, மண்ணுக்கு திருப்பி சத்து குடுக்கும். அதுவும் எடுத்தப்பறம் வயல் சும்மா கெடக்கும். வெயில்ல வெடிச்சு பாளம் பாளமா கெடக்கும். ராமநாதபுரத்துப் பக்கத்துலேந்து கீதாரிங்க ஆட்ட ஓட்டிக்கிட்டு வந்து கெடை போடுவாங்க, ராத்திரி பூரா ஆடு படுத்து எந்திரிச்ச வயல்ல அடுத்த போகம் கரும்பச்சையா நிக்கும். கோடை உழவு ஒண்ணு ஓட்டி விட்டா அவ்வளவுதான், ஆடி வரைக்கும் அது அக்கடான்னு கெடக்கும். மண்ணுக்கு இத தெரிஞ்சு செஞ்ச அதே பெரியவங்கதான் வழிப்போக்கனுக்கும் செஞ்சு வெச்சாங்க. ரோட்டோரத்துல சுமைதாங்கிக் கல்லு இன்னும் ஒண்ணு ரெண்டு நிக்குது பாருங்க, தலைச்சுமைக்காரன் அடுத்தவன் கைய எதிர்பாக்காம எறக்கி வெச்சு மறுபடி தானே ஏத்திக்கணும்னு நெஞ்சு ஒசரத்துக்கு நட்டு வெச்சது, புள்ளத்தாச்சியா செத்துப்போன பொண்ணுங்க ஞாபகமா அத நடுவாங்க, அவங்க எறக்க முடியாம போன சுமைய யாராவது எறக்கட்டும்னு. ஒரத்தநாட்டுல சரபோஜி மகாராஜா கட்டுன முத்தாம்பாள் சத்திரத்த பாத்திருப்பீங்க, எரநூறு வருசத்துக்கு மேல ஆச்சு, வழியில போறவங்களுக்கு சோறும் படுக்க எடமும் குடுத்த கட்டடம். இந்த ஊருக்கு ஓய்வுன்னா என்னன்னு தெரியாம இல்ல.

ஒழைப்பே இல்லாம வர்ற ஓய்வும் எனக்கு வேணாம், அதையும் சொல்லிடுறேன். எங்க மாமியாருக்கு வயசாயிடுச்சு, யாரும் நடவுக்கு கூப்புடறது இல்ல. பகல் பூரா திண்ணையில உக்காந்திருக்காங்க, ராத்திரி தூக்கம் வரலன்னு பொலம்புறாங்க. களை பறிக்க ஒரு நாள் கூட்டிட்டு போனேன், ரெண்டு மணி நேரம்தான் பறிச்சாங்க, அன்னைக்கு ராத்திரி கொறட்டை விட்டு தூங்குனாங்க. என் மவன் சென்னையில கம்ப்யூட்டர் வேலை, சாயங்காலம் சிஸ்டத்த மூடுனா வேலை முடிஞ்சுதுன்னு பேரு, போன்ல அவன் மேனேஜரு முடிய விட மாட்டேங்குறாரு. ஒக்காந்தே களைச்சு போறேம்மான்னு சொல்றான். தீவாளிக்கு வந்தப்ப அவன வரப்பு வெட்ட கூப்புட்டேன், கையெல்லாம் கொப்புளம், ஆனா அவன் மொகம் பாக்கணுமே, தான் வெட்டுன வரப்ப திரும்பி திரும்பி பாத்துக்கிட்டே வந்தான். அதனால எங்க புள்ளைங்கள வயலுக்கு வராதீங்கன்னு நாமளே வெரட்ட வேணாம். பாடுபட்டா கேவலம், நெழல்ல ஒக்காந்தா கவுரவம்னு நாமளே பேசிப் பேசித்தான் எங்க வேலைக்கு மதிப்பு போச்சு, மதிப்பு போனதால அந்த வேலைக்கு ஓய்வு கேக்கவும் யாருக்கும் தோணல.

இப்ப மேற்கு வங்காளத்துலேந்து பசங்க கோஷ்டியா வந்து நடுறாங்க. அவங்க மேல சில பேருக்கு கோவம், எனக்கும் எங்க வேலை போகுதேன்னு வருத்தம் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா அவங்க எந்த பம்புசெட்டு கொட்டாயில எத்தன பேரா நெருக்கி படுக்குறாங்கன்னு நான் பாத்திருக்கேன். ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசி விட்டுடறதால அவங்க பொழுது விடிஞ்சதுலேந்து இருட்டுற வரைக்கும் நிமிராம நடுறாங்க, ஊருக்கு அனுப்ப காசு சேரணும் இல்ல. எங்க கோஷ்டியும் இப்ப ஏக்கர் கணக்குலதான் பேசுது. நாள்கூலியா இருந்தப்ப டீ வந்தா வரப்பேறுவோம், இப்ப டீய வயல்ல நின்னபடியே குடிச்சுட்டு டம்ளர வரப்புல வெச்சுட்டு குனியறோம், ஏன்னா நேரம் போனா நம்ம காசுதான் போகும். அவங்களுக்கும் எங்களுக்கும் சேத்து ஒரே நேரம், ஒரே ஓய்வுன்னு சங்கம் பேசுனா, ஒருத்தர் முதுக ஒடச்சு இன்னொருத்தர் கூலிய கொறைக்கிற நெலம வராது.

சரி, என்ன கேக்கணும்னு எனக்கு தோணுறத சொல்றேன், நீங்க படிச்சவங்க, சட்டத்துக்கு தகுந்த மாதிரி எழுதிக்குங்க.

ஒவ்வொரு ஊர்லயும் வயக்காட்டு பக்கம் ஒரு கொட்டகை வேணும். பெருசா ஒண்ணும் இல்ல, மேல கூரை, சுத்தி தெறந்தது, கீழ சிமெண்ட் தரை, ஒரு பக்கம் குடிதண்ணி, பின்னாடி பொம்பளைங்களுக்கு கதவு வெச்ச கக்கூஸ். பஸ்சே நிக்காத எடத்துல கூட பஸ் ஸ்டாப் கட்டுறாங்க, இதுக்கு பணம் இல்லன்னு சொல்ல முடியாது. கிராம சபை கூடுறப்ப தீர்மானம் வெக்கலாம், மே 1க்கும் கிராம சபை உண்டு, அந்த அன்னைக்கே வெச்சா பொருத்தமா இருக்கும். கொட்டகைய சுத்தி பூவரசும் வேம்பும் நட நாங்க ரெடி, தண்ணி ஊத்தி வளக்கறது எங்க பொறுப்பு.

கொள்முதல் நிலையத்துல நெல்ல கொண்டு வர்றதுக்கு தேதி போட்டு டோக்கன் குடுத்து, அந்தத் தேதியில எடுத்தே ஆகணும். எடுக்க முடியலன்னா முன்னாடியே சொல்லிடணும், நாங்க வீட்டுல தூங்குவோம். அப்படியும் ராத்திரி தங்க வேண்டி வந்தா அங்க ஒரு லைட்டு, ஒரு கூரை, ஒரு கக்கூஸ். சுமைத் தொழிலாளிக்கு ராத்திரி லாரி வந்தா மறுநாள் பகல் லீவுன்னு பேசுங்க. இதுல விவசாயி சங்கமும் தொழிலாளி சங்கமும் ஒண்ணா நிக்கலாம், சண்ட போட ஒண்ணுமே இல்ல.

சித்திரை வைகாசியில கோடை நடவோ பருத்தியில வேலையோ இருந்தா காலையில அஞ்சரைக்கு எறங்கி பத்தரை பதினொண்ணுக்கு ஏறிடணும், வேதாரண்யம் உப்பளத்துல வேலை செய்யறவங்க வெயிலுக்கு முன்னாடி முடிச்சுட்டு வர்ற மாதிரி. மீதி வேணும்னா வெயில் தாழ எறங்கலாம். நெலத்துக்காரங்க கிட்ட இத ஒவ்வொருத்தரா நாங்க பேசுனா எங்கள கூப்புட மாட்டாங்க, அடுத்த கோஷ்டிய கூப்புடுவாங்க, ஊர் பூரா ஒரே பேச்சா இருந்தாத்தான் நிக்கும். அதுக்குத்தான் சங்கம்.

ஏக்கர் கணக்கா பேசுனாலும் சரி நாள்கூலியா பேசுனாலும் சரி, டீ நேரமும் சாப்பாட்டு நேரமும் ஒப்பந்தத்துல எழுதணும். கைப்புள்ளக்காரி இருந்தா அவ போயி பால் குடுத்துட்டு வர்ற நேரத்துக்கு காசு புடிக்கக் கூடாது. முன்னாடியெல்லாம் ஊர்ல கடைசி நடவு முடியற அன்னைக்கு வெத்தலை பாக்கும் கொஞ்சம் நெல்லும் வெச்சு குடுத்து, மறுநாள் யாரும் யாரையும் வேலைக்கு கூப்புடாத ஒரு பழக்கம் எங்க பக்கம் இருந்துச்சு. யாரும் சட்டம் போடல, அது மரியாதை. அத திரும்ப கொண்டு வாங்க, கூலியோட ஒரு நாள் லீவுன்னு பேசுங்க. கெடைச்சா அந்த நாள் பூரா நான் என்ன பண்ணுவேன்னு கேக்குறீங்களா, தூங்குவேன், எந்திரிச்சு நட்ட வயல போயி ஒரு தடவ பாத்துட்டு வருவேன்.

வயலுக்கு அடியில எண்ணெயும் கேஸும் எடுக்குற ஹைட்ரோகார்பன் திட்டம் வேணாம்னு நீங்க நின்னப்ப எங்க ஊரு பொம்பளைங்களும் ரோட்டுல ஒக்காந்தோம், 2020ல டெல்டாவ பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட வெச்சோம். மண்ண காப்பாத்த அவ்வளவு தூரம் வந்த சனம் அதுல ஒழைக்கிற ஒடம்புக்காக வராதா. அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதுங்க, ரெண்டு சங்கமும் ஒரே தாள்ல எழுதுங்க. எங்க நடவு கோஷ்டியில எல்லாரும் கையெழுத்து போடுறோம்னு சொல்லியாச்சு, கையெழுத்து வராதவங்க ரேகை வெக்கிறோம்னு சொல்லிட்டாங்க. கூட்டத்துக்கு நாங்களே வந்து பேசுறோம், பேச மட்டும் அஞ்சு நிமிசம் வாங்கிக் குடுங்க. குறுவை நடவுக்கு முன்னாடி நடந்தா ரொம்ப நல்லது, நடவு ஆரம்பிச்சா எங்களால வர முடியாது.

இப்படிக்கு,
ஒரு நடவாளு,
பாமணி ஆத்துப் பாசனம், மன்னார்குடி பக்கம்